பருத்த உடம்புக்குப் பக்குவமான பயிற்சி



"உடம்பைக் குறைங்க" என்று சொல்லாத டாக்டர் கிடையாது. ஆனால் எதிலிருந்து தொடங்குவது, எவ்வளவு செய்வது, எங்கே நிறுத்துவது என்று உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்க அவருக்கு நேரம் கிடைப்பதில்லை. வெளியே நீண்ட வரிசை காத்திருக்கிறது. ஆகவே அந்தப் பாடத்தை இந்த இதழில் நாம் பார்ப்போம். இதற்குக் காசு செலவில்லை. ஜிம்முக்குப் போக வேண்டாம். உறுதியான ஒரு நாற்காலி, ஒரு சுவர், ஒரு வாசற்படி, நடக்க ஒரு பாதை, இவ்வளவும் இருந்தால் போதும்.

முதலில் நிலைமை என்னவென்று தெரிந்து கொள்வோம். 2019ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், இந்நாட்டுப் பெரியவர்களில் பாதிப்பேர் அளவுக்கு மீறிய எடையுள்ளவர்கள் என்று தெரிய வந்தது. 2023ஆம் ஆண்டு ஆய்வில் அது 100க்கு 54 ஆக ஏறிவிட்டது. 2019 கணக்கில் இந்தியர்களை மட்டும் தனியாகப் பார்த்தால் 100க்கு ஏறத்தாழ 64 பேர். இனிப்புநீர் வியாதியிலும் நாம்தான் முன்னால் நின்றோம். அதே ஆண்டில் நம்மவர்களில் 100க்கு 31 பேருக்கு அந்த நோய் இருந்தது. தோழர்களே, இந்தப் பந்தயத்தில் மட்டும் நமக்கு முதலிடம் வேண்டவே வேண்டாம். இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு வாரம் மூன்று நாள் படுத்துக் கிடப்பவர்களில் பெரும்பாலோரை அங்கே கொண்டு போய்ச் சேர்த்தது இனிப்புநீர்தான். சம்பாதிக்கிற ஆள் படுத்துவிட்டால் அந்தக் குடும்பம் என்ன பாடுபடும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வேலை மாறியது, தட்டு மாறவில்லை

பூச்சோங்கில் குடியிருக்கும் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். இன்று வீடும் கடையும் பேரங்காடியுமாய் இருக்கிற இந்த இடம் ஒரு காலத்தில் ஈய லம்பமும் ரப்பர் தோட்டமுமாக இருந்தது. கின்றாரா, காசல்பீல்ட் என்ற தோட்டப் பெயர்கள் இன்று தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களாக நிலைத்திருக்கின்றன. 1990ஆம் ஆண்டுகளில் தாமான்கள் எழுந்தன. 1999இல் டாமன்சாரா - பூச்சோங் நெடுஞ்சாலை வந்தது. 2016இல் எல்.ஆர்.டி. ரயிலும் வந்தது.

அந்தக் காலத்துப் பால்வெட்டுத் தொழிலாளி எப்படி வேலை செய்தார்? விடியுமுன் பெரட்டுக்குப் போய், நிரை நிரையாய் ஐந்நூறு மரம் அளவுக்கு நடந்து, குனிந்து, நிமிர்ந்து வெட்டுவார். பிறகு அதே மரங்களைத் திரும்பச் சுற்றி வந்து பால் எடுப்பார். காண்டாக் கம்பில் இரண்டு வாளியைத் தூக்கிக் கொண்டு மேடு பள்ளம் ஏறி இறங்குவார். அவருக்கு உடற்பயிற்சி என்ற சொல்லே தெரியாது. வேலையே பயிற்சியாக இருந்தது. ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டவில்லை.

அவருடைய பேரப்பிள்ளை இன்று பஸ் ஓட்டுகிறார், தொழிற்சாலையில் நின்ற இடத்திலேயே வேலை பார்க்கிறார், அல்லது ஜாகா வேலையில் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். தோட்டத்தில் இருப்பவர்களிலும் மோட்டாரில் பெரட்டுக்குப் போய், டிராக்டர் ஓட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் தட்டு மட்டும் தாத்தாவின் தட்டுதான். அதன் மேல் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் சேர்ந்து கொண்டன. ஆகவே உடம்பு பருத்தது சோம்பேறித்தனத்தால் என்று யாரும் உங்களை ஏசினால் தலை குனிய வேண்டாம். வேலையோடு கிடைத்த அசைவு போய்விட்டது. அதை நாமாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான்.

இலண்டன் பஸ்ஸில் கண்ட உண்மை

அசைவுக்கு இவ்வளவு சக்தி உண்டா என்று சிலர் கேட்கலாம். இலண்டன் மாநகரில் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் பஸ் தொழிலாளர்களை ஆராய்ந்து 1953இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அங்கே மாடி பஸ்ஸில் ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பார். கண்டக்டரோ டிக்கெட் கொடுக்க நாளெல்லாம் மாடிப்படி ஏறி இறங்குவார். இருவருக்கும் ஒரே பஸ், ஒரே முதலாளி. ஆனால் ஓட்டுநர்களைவிடக் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது. வந்தவர்களிலும் உடனே இறந்தவர்கள் குறைவு. பெரிய பணக்காரர்களை ஆராய்ந்து கண்ட உண்மையல்ல இது. நம்மைப் போன்ற கூலி வேலைக்காரர்களின் உடம்பிலிருந்து உலகம் கற்றுக் கொண்ட பாடம்.

தொடங்குமுன் கவனிக்க வேண்டியவை

ஒரு தையல்காரர் டேப் எடுத்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் வயிற்றைச் சுற்றி அளந்து பாருங்கள். மூச்சை இழுத்துப் பிடித்து டேப்பை ஏமாற்ற வேண்டாம்! ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. அதற்கு மேல் போனால் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்று பொருள். அந்தக் கொழுப்புதான் இனிப்புநீரையும் இரத்தக் கொதிப்பையும் கூட்டிக் கொண்டு வருவது.

அடுத்து, அரசாங்கக் கிளினிக்குக்கு ஒரு நடை போய் வாருங்கள். குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். இரத்த அழுத்தத்தையும் சீனியையும் பார்த்துக் கொள்ளுங்கள். அழுத்தம் 180க்கு 110 என்ற அளவைத் தொட்டிருந்தால் முதலில் மருந்து, பிறகுதான் பயிற்சி. ஏற்கனவே மாரடைப்பு வந்தவர்கள், நடக்கும்போது நெஞ்சு இறுகுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. இன்சுலின் போடுகிறவர்களும் சில வகை இனிப்புநீர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் பயிற்சி செய்யும்போது சீனி திடீரென்று இறங்கிவிடலாம். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, கண் மங்கல் ஆகியவை அதன் அறிகுறி. சட்டைப் பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும். உங்கள் மாத்திரை அந்த வகையா என்று கிளினிக்கில் கேட்டுக் கொள்ளுங்கள்.

சிலிப்பரோடு நடக்க வேண்டாம். விலை குறைந்ததானாலும் குதிகாலைப் பிடித்துக் கொள்ளும் சப்பாத்து வேண்டும். இனிப்புநீர்க்காரர்கள் வீட்டுக்கு வந்ததும் பாதத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும். அவர்களுக்குப் புண் வந்தாலும் வலி தெரியாமல் போகலாம். தொடை உரசிப் புண்ணாகிறவர்கள் வாஸ்லின் தடவிக் கொள்ளலாம். வெட்கப்பட்டுச் சொல்லாமல் பயிற்சியை விட்டுவிடுகிறவர்கள் பலர். அதனால்தான் எழுதுகிறேன்.

ஓடாதீர்கள், முட்டியைக் காப்பாற்றுங்கள்

எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் சொல்லும் கதை பெரும்பாலும் ஒன்றுதான். "டிரெசரையா, மகன் ஓடச் சொன்னான். ரெண்டு நாள் ஓடினேன். முட்டி வீங்கிப் போச்சு, விட்டுட்டேன்." குற்றம் அந்த அம்மாளுடையதல்ல. பயிற்சியின் வரிசைதான் தப்பு.

நாம் ஒரு அடி எடுத்து வைக்கும்போது முட்டியில் விழுகிற பாரம் நம் எடையைப் போல் பல மடங்கு. ஓடினால், குதித்தால் அது இன்னும் ஏறும். அதே கணக்கு நமக்குச் சாதகமாகவும் வேலை செய்யும். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடியிலும் முட்டிக்கு ஏறத்தாழ நாலு கிலோ பாரம் குறைகிறது என்று ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். முட்டியைத் தாங்கிப் பிடிப்பது தொடைத் தசை. ஆகவே முதலில் தொடையைப் பலப்படுத்தி, பிறகு நடையைக் கூட்டுவதே சரியான வரிசை. ஓட்டம் பிறகு பார்த்துக் கொள்ளலாம். ஓடாமலே போனாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

வீட்டுக்குள் செய்ய நாலு பயிற்சி

ஒன்று: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். மர நாற்காலியை அல்லது பெஞ்சைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். தாழ்வாக இருந்தால் போர்வையை மடித்துப் போட்டு உயரமாக்குங்கள். பாதங்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, நெஞ்சை முன்னால் சாய்த்து எழுந்திருங்கள். முடியாதவர்கள் தொடையில் கையை ஊன்றி எழலாம். உட்காரும்போது தொப்பென்று விழாமல், ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணி மெதுவாக இறங்குங்கள். அப்படி இறங்குவதில்தான் தொடைக்கு நல்ல வேலை. முதல் வாரம் ஐந்து தடவை, ஒரு நிமிடம் ஓய்வு, மறுபடி ஐந்து தடவை. போகப் போகப் பத்துப் பத்தாக மூன்று முறை செய்யலாம்.

இரண்டு: சுவரைத் தள்ளுவது. சுவரிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி நின்று, உள்ளங்கைகளை நெஞ்சு உயரத்தில் சுவரில் வையுங்கள். முழங்கையை மடக்கி நெஞ்சைச் சுவர் பக்கம் கொண்டு போய், மறுபடி தள்ளி நிமிருங்கள். உடம்பு தலையிலிருந்து குதிகால் வரை பலகை மாதிரி நேராக இருக்கட்டும். எட்டுத் தடவை போதும். பழகிய பிறகு சுவருக்குப் பதிலாக ஆடாத மேசை விளிம்பில் செய்யலாம். தரையில் படுத்துத் தண்டால் எடுக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை.

மூன்று: படி ஏறி இறங்குவது. வீட்டு வாசற்படியோ, பிளாட்டு மாடிப்படியின் முதல் படியோ போதும். கைப்பிடியைப் பிடித்துக் கொண்டு வலது கால் மேலே, இடது கால் மேலே, வலது கால் கீழே, இடது கால் கீழே. அரை நிமிடம் செய்து காலை மாற்றித் தொடங்குங்கள். முட்டி வலி உள்ளவர்கள் இதை விட்டுவிட்டு, நாற்காலி முதுகைப் பிடித்துக் கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்கும் பயிற்சியைச் செய்யலாம்.

நான்கு: நின்ற இடத்தில் நடப்பது. கையை வீசி, முட்டியை முடிந்த அளவு தூக்கி, சிப்பாய் மாதிரி நடை போட வேண்டும். ஒரு நிமிடம் வேகம், ஒரு நிமிடம் நிதானம். இரவு டி.வி. நாடகத்தில் விளம்பரம் வரும்போதெல்லாம் எழுந்து இதைச் செய்தால் நாடகம் முடிவதற்குள் பத்து நிமிடம் சேர்ந்துவிடும். நிற்க முடியாதவர்கள் உட்கார்ந்தபடியே கையை வீசிக் காலை மாற்றி மாற்றித் தூக்கலாம். அதுவும் பயிற்சிதான்.

எந்தப் பயிற்சியிலும் மூச்சை அடக்காதீர்கள். பாரம் தள்ளும்போது மூச்சை விடுங்கள், இறங்கும்போது இழுங்கள். மூச்சைப் பிடித்துக் கொண்டு முக்கினால் இரத்த அழுத்தம் குபீரென்று ஏறும். இந்த நாலையும் வாரம் இரண்டு மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்யுங்கள். மறுநாள் தசையில் லேசான வலி இருந்தால் பயப்பட வேண்டாம். ஆனால் மூட்டுக்குள் குத்தும் வலியோ வீக்கமோ வந்தால் அந்தப் பயிற்சியை நிறுத்தி, கிளினிக்கில் காட்டுங்கள்.

நடை

முதல் வாரம் நாளுக்குப் பத்து நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். பிறகு வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள். ஐந்தாம் வாரம் முப்பது நிமிடம் நடப்பீர்கள். ஒரேயடியாக முடியாதவர்கள் காலையில் பத்து, மத்தியானம் பத்து, மாலையில் பத்து என்று பிரித்துக் கொள்ளலாம்.

வேகம் எவ்வளவு? அதற்கு மெஷின் தேவையில்லை. பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் வேகம் போதாது. பேசவே மூச்சு வாங்கினால் வேகம் அதிகம்.

பருத்த உடம்புக்காரர்களுக்கு ஒரு நல்ல சேதி. ஒரே தூரத்தை ஒரே வேகத்தில் நடந்தால், 60 கிலோ ஆளைவிட 90 கிலோ ஆள் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு சக்தி செலவழிக்கிறார். மெலிந்தவர் முந்திப் போகட்டும். உங்கள் கூலி உங்களுக்கு அதிகமாகவே கிடைக்கிறது.

பூச்சோங்கில் இருப்பவர்கள் நெடுஞ்சாலை ஓரத்தில் நடக்க வேண்டாம். தாமான் பூங்காவிலோ பள்ளித் திடலிலோ நடங்கள். ஆயர் ஹீத்தாம் காட்டுப் பக்கம் வாவாசான் குன்றில் ஏறுகிறவர்களைப் பார்த்து, முதல் வாரமே அங்கே போய்விடாதீர்கள். சமதரையில் முப்பது நிமிடம் பழகிய பிறகு அதைப் பார்த்துக் கொள்ளலாம். தோட்டத்தில் இருப்பவர்கள் லயத்துச் சாலையில் காலை ஏழு மணிக்குள், அல்லது மாலை வெயில் சாய்ந்த பிறகு நடப்பது நல்லது. தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்படுங்கள். இடி இடிக்கும் போதும் புகைமூட்டம் உள்ள நாட்களிலும் வீட்டுக்குள் செய்யும் பயிற்சியே போதும். தாய்மார்கள் யாராவது பார்த்துச் சிரிப்பார்களோ என்று கூச்சப்பட்டால் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போங்கள். ஒருத்தி சோர்ந்தால் இன்னொருத்தி கதவைத் தட்டுவாள்.

நடக்கையில் நெஞ்சு இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ ஓடும் வலி, தலை சுற்றல், அளவு மீறிய மூச்சு வாங்கல் இவற்றில் எது வந்தாலும் உடனே உட்கார்ந்துவிட வேண்டும். சில நிமிடத்தில் தணியாவிட்டால் 999க்குப் போன் செய்யுங்கள். "காற்றுப் பிடிப்பு" என்று தைலம் தேய்த்துக் கொண்டு காலத்தைக் கடத்தக் கூடாது.

நேரம் எங்கே இருக்கிறது?

பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான அசைவும், இரண்டு நாள் தசைப் பயிற்சியும் செய்ய வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் அறிவுறுத்தியது. "வேலைக்குப் போய்ட்டு வந்தா நேரம் ஏது?" என்பீர்கள். 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து நம் வேலை நேரத்தின் உச்ச வரம்பு வாரத்துக்கு 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைக்கப்பட்டது. மூன்று மணி என்றால் 180 நிமிடம். சட்டம் திருப்பிக் கொடுத்த அந்த நேரத்தில் 150 நிமிடத்தை உங்கள் உடம்புக்குக் கொடுத்தாலும் இன்னும் 30 நிமிடம் மிச்சமிருக்கிறது, தோழர்களே! அந்த நேரத்தை ஓ.டி.யும் கைப்பேசியும் தின்றுவிடாமல் பார்த்துக் கொள்வது நம் கையில்.

தராசு மட்டுமே சாட்சியல்ல

ஒரு மாதம் நடந்துவிட்டு, தராசில் ஏறி, முள் அசையவில்லை என்று பயிற்சியை விட்டுவிடுகிறவர்கள் அநேகம். அவர்கள் சென்னையில் நடந்ததைத் தெரிந்து கொள்ள வேண்டும். டாக்டர் அ. இராமச்சந்திரன் தலைமையில், இனிப்புநீர் வரும் தறுவாயில் இருந்த 531 பேரை அங்கே மூன்றாண்டு காலம் கவனித்தார்கள். முடிவு 2006இல் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்குச் சாப்பாட்டில் கட்டுப்பாடும், தினம் அரைமணி நேர நடையும் சொல்லிக் கொடுத்தார்கள். உடல் உழைப்பு வேலை செய்கிறவர்களை அதையே தொடரச் சொன்னார்கள். மூன்றாண்டில், அந்தப் போதனை பெறாதவர்களில் 100க்கு 55 பேருக்கு இனிப்புநீர் வந்துவிட்டது. போதனை பெற்றவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. இதில் ஆச்சரியம் என்னவென்றால், அவர்களுடைய எடை சொல்லிக் கொள்ளும்படி குறையவே இல்லை!

இதிலிருந்து என்ன தெரிகிறது? தராசு முள் அசையுமுன்பே உடம்புக்குள் வேலை நடக்கிறது. அசைகின்ற தசை, இரத்தத்திலுள்ள சீனியை இழுத்து எரிக்கிறது. ஆகவே மாதம் ஒரு முறை எடையோடு சேர்த்து வயிற்றுச் சுற்றளவையும் எழுதி வையுங்கள். எத்தனை தடவை நாற்காலியிலிருந்து எழ முடிகிறது, எத்தனை படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்பதையும் எழுதுங்கள். முன்னேற்றம் அங்கேதான் முதலில் தெரியும்.

எடையும் குறைய வேண்டுமானால் தட்டையும் கவனிக்க வேண்டும். அரைமணி நடையில் எரித்ததை ஒரு கிளாஸ் தே தாரிக் ஏறக்குறையத் திருப்பிக் கொடுத்துவிடும். சீனி இல்லாத தேயிலைத் தண்ணீர், ஒரு அகப்பை குறைந்த சோறு, இரண்டு மடங்கு கீரை காய்கறி, ஒரு துண்டு மீன் அல்லது பருப்பு என்று மாற்றிப் பாருங்கள். பட்டினி வேண்டாம். பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் கரைந்து போகும். வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் தாராளம். 90 கிலோ ஆள் நாலரைக் கிலோ குறைத்தாலே சீனியும் அழுத்தமும் இறங்கத் தொடங்கும்.

தைப்பூசத்துக்கு நகரத்து மாரியம்மன் கோவிலிலிருந்து பத்துமலை வரை ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நடந்து, 272 படியும் ஏறிவிட்டு, மறுநாளிலிருந்து அடுத்த தைப்பூசம் வரை உட்கார்ந்தே இருக்கிறவர்கள் நம்மில் உண்டு. பக்திக்கு அது போதும். உடம்புக்குப் போதாது. உடம்பு கேட்பது தினக்கூலி. வருஷத்துக்கு ஒரு தரம் கொடுக்கிற போனஸை அது கணக்கில் வைப்பதில்லை.

ஆகவே இன்று இரவு சாப்பாட்டுக்கு முன் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். ஐந்து தடவை எழுந்து உட்காருங்கள். வீட்டிலுள்ள பெரியவர்களையும் பிள்ளைகளையும் பக்கத்தில் நிறுத்தி எண்ணச் சொல்லுங்கள். நாளைக்குப் பத்து நிமிடம் நடங்கள். உழைத்துத் தேய்ந்த உடம்பு நம்முடையது. அதை உட்கார்ந்து கெடுத்துக் கொள்ளலாகாது.

உடலைப் பேணுவோம், குடும்பத்தைக் காப்போம்!